காட்டுக் காவலர்கள் எதற்குச் சினந்தார்கள்?

பிரேசில் காடுகளில் குருபிரா என்றோர் உருவம் உலவுவதாக நம்பிக்கை. அதன் பாதங்கள் பின்னோக்கித் திரும்பியிருக்கும். சுவடு பார்த்துத் தொடர்பவன் அது போன திசைக்கு நேர் எதிரே நடந்து, திக்குத் தெரியாமல் காட்டுக்குள் அலைவான். 1560இல் ஜோசே தெ அன்ஷியேட்டா என்னும் இயேசு சபைத் துறவி சாவோ விசென்ட் பகுதியிலிருந்து எழுதிய கடிதம், இந்த உருவத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் ஒன்று. காட்டுவழியில் வரும் பழங்குடி மக்களைச் சவுக்கால் அடித்து, வதைத்து, சில வேளைகளில் கொன்றும்விடும் பேய் என்று அவர் குருபிராவைக் குறிக்கிறார். அதற்கு அஞ்சி மக்கள் பாதையோரத்தில் இறகுகளையும் அம்புகளையும் விசிறிகளையும் காணிக்கையாக வைத்துவிட்டுப் போவார்கள் என்றும் எழுதுகிறார். 1970இல் சாவோ பாவ்லோ மாநிலம் அதே குருபிராவைக் காடுகளுக்கும் காட்டுயிர்களுக்கும் காவலன் என்று சட்டம் இயற்றி மாநிலச் சின்னமாக்கியது. 2025இல் பெலேம் நகரில் ஐக்கிய நாடுகள் அவையின் காலநிலை மாநாடு நடந்தபோது மாநாட்டுச் சின்னமாக நின்றதும் அதுவே.

அன்ஷியேட்டாவின் குறிப்பில் மரத்தைக் காப்பது பற்றியோ விலங்கைக் காப்பது பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. சமயம் பரப்ப வந்த துறவியின் கண்ணுக்குப் பேய் மட்டுமே தெரிந்திருக்கலாம். ஆகவே அவருடைய மௌனத்தை முடிவான சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் மற்றொரு பதிவையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாகாண ஆளுநராக இருந்த கோட்டோ தெ மகல்யான்ஸ் 1876இல் வெளியிட்ட நூலில் பழங்குடித் தெய்வங்களைத் துறைவாரியாகப் பிரித்து அடுக்கினார்: காட்டுக்குக் குருபிரா, வெளிநிலத்து வேட்டை விலங்குகளுக்கு அன்யாங்கா, காட்டு வேட்டை விலங்குகளுக்குக் காப்போரா. அமைச்சகங்களைப் பங்கிட்டுக் கொடுத்ததுபோன்ற இந்த ஒழுங்கு பழங்குடியினரிடம் எந்த அளவுக்கு இருந்தது, எழுதியவரின் மனத்திலிருந்து எவ்வளவு வந்தது என்பது விவாதத்துக்குரியது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். உலக நாட்டார் மரபுகளிலும் பழங்கதைகளிலும் காட்டுக்கும் கடலுக்கும் விலங்குகளுக்கும் உரிய தலைவர்களாக வரும் உருவங்கள் இயற்கையைக் காக்கும் நெறியின் சின்னங்கள்தாமா? அப்படித்தான் இன்று பரவலாக நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கையைச் சோதிக்க நேரான வழி, இந்தத் தலைவர்கள் எந்தச் செயலுக்குச் சினக்கிறார்கள் என்று பார்ப்பது. சினத்தை யார் எடுத்துச் சொல்கிறார், அது எதனால் தணிகிறது என்பவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இதுவரையான புரிதல்கள்

ஐரோப்பாவில் இந்த ஆய்வைத் தொடங்கிவைத்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் மன்ஹார்ட். ஊர் ஊராகக் கேள்விப்பட்டியல் அனுப்பி அறுவடைச் சடங்குகளைத் திரட்டிய அவர், காட்டு வழிபாடு, வயல் வழிபாடு பற்றிய தம் பெருநூலை 1875க்கும் 1877க்கும் இடையில் வெளியிட்டார். காட்டு மனிதர்களும் மரப்பெண்களும் தாவர வளத்தின் உருவகங்கள் என்பது அவர் கொள்கை. ஜேம்ஸ் ஃபிரேசர் 1890இல் வெளியிட்ட ‘பொற்கிளை’ அதன்மேல்தான் பெரும் மாளிகையைக் கட்டியது. இருவருக்கும் இந்த ஆவிகள் விளைச்சலுக்கு உதவும் சக்திகள். காடழிப்பைத் தடுக்கும் காவலர்களாக அவர்கள் இவற்றைப் பார்க்கவில்லை.

காவலர் என்ற பார்வைக்குப் பெரும் வலுச் சேர்த்தது 1967இல் ‘சயன்ஸ்’ இதழில் லின் வைட் எழுதிய கட்டுரை. பண்டைய உலகில் ஒவ்வொரு மரத்துக்கும் ஊற்றுக்கும் மலைக்கும் ஒரு காவல் ஆவி இருந்தது. மரத்தை வெட்டுமுன் அதைச் சாந்தப்படுத்த வேண்டியிருந்தது. கிறித்தவம் அந்த ஆவிகளைத் துரத்தியதும் இயற்கையைச் சுரண்டத் தடையில்லாமல் போயிற்று என்று அவர் வாதிட்டார். சூழலியல் இயக்கம் தலையெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கட்டுரை பெரும் செல்வாக்குப் பெற்றது. இன்று பள்ளிப் பாடநூல்வரை வந்துவிட்ட ‘ஆவிகள் காத்த காடு’ என்ற கருத்துக்கு அதுவே முக்கிய ஊற்றுக்கண் என்று கருதுகிறேன்.

அடுத்த ஆண்டே புவியியலாளர் யீ-ஃபூ துவான் மறுப்பு எழுதினார். மலைக்கும் நீருக்கும் உயிர்ப்பு உண்டு என்று போற்றிய சீனாவிலும் காடுகள் பெருமளவில் அழிந்தன. மக்கள் சொல்லும் நெறியும் செய்யும் செயலும் ஒன்றாக இருப்பதில்லை என்பது அவர் வாதம். இதைவிடக் கூர்மையான சான்று ரோமானியரிடமே இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காட்டோ தம் வேளாண்மை நூலில், மரத்தோப்பைக் கழித்துவிடுவதற்கு முன் செய்ய வேண்டிய சடங்கை விவரிக்கிறார். பன்றியைப் பலியிட வேண்டும்; அந்தத் தோப்பின் தெய்வம் ஆணா பெண்ணா என்று தெரியாததால் இருபாலுக்கும் பொருந்தும்படி விளிக்க வேண்டும்; பிறகு வெட்டலாம். வைட் சொன்ன சாந்தி இங்கே அப்படியே இருக்கிறது. ஆனால் அது முடிந்ததும் கோடரி வேலையைத் தொடங்குகிறது. தடையாக இருந்திருக்க வேண்டிய சடங்கு இங்கே அனுமதிச் சீட்டாகிவிடுகிறது.

ஹும்பாபா: அவமதிக்கப்பட்ட அரசன்

உலகின் மிகப் பழைய காட்டுக் காவலன் கதை மெசபடோமியாவுடையது. கேதுருக் காட்டைக் காக்க என்லில் தெய்வம் நியமித்தவன் ஹும்பாபா. மன்னன் கில்காமேஷும் அவன் தோழன் எங்கிடுவும் அவனைக் கொன்று மரங்களை வீழ்த்துகிறார்கள். ஜான் பெர்லின் 1989இல் எழுதிய மர வரலாறும், ராபர்ட் போக் ஹாரிசன் 1992இல் எழுதிய காடு பற்றிய நூலும் இந்தக் கதையை நாகரிகம் காட்டின்மீது தொடுத்த முதல் போராகப் படிக்கின்றன. இந்த வாசிப்புக்கு வரலாற்றுப் பின்புலமும் உண்டு. மரம் அரிதான சமவெளியில் கோயில் கட்டிய லகாஷின் குதேயா முதல் பாபிலோனின் இரண்டாம் நேபுகாத்நேசர் வரை பல மன்னர்கள் மலையிலிருந்து கேதுரு கொணர்ந்ததைப் பெருமையாகக் கல்லிலும் களிமண்ணிலும் பொறித்திருக்கிறார்கள்.

ஆனால் சினத்தின் காரணம் என்ன? முதலில் பாபிலோனிய கில்காமேஷ் காவியத்துக்கு முற்பட்ட சுமேரியக் கதையைப் பார்க்கலாம். அதில் அவன் பெயர் ஹுவாவா. அவனைச் சுற்றி ஏழு ஒளிப் பேரச்சங்கள் கவசமாக நிற்கின்றன. கில்காமேஷ் அவனிடம் உறவு கொண்டாடுகிறான். தன் சகோதரியரை மணம் முடித்துத் தருவதாகவும் ஊர்ப் பொருள்களைக் கொண்டுவந்து தருவதாகவும் ஆசைகாட்டி, அந்தப் பேரச்சங்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்கிறான். மரத்தைக் கிளை கழித்து அடுக்குவதுபோல அவை அடுக்கப்படுகின்றன. நிராயுதபாணியான ஹுவாவா கட்டுண்டு கெஞ்சும்போது கில்காமேஷின் மனம் இளகுகிறது. எங்கிடுவோ கழுத்தை வெட்டிவிடுகிறான். தலையை என்லில் முன் வைத்தபோது தெய்வம் கடிந்துகொள்கிறது. அவனை எதிரே உட்காரவைத்து, நீங்கள் உண்டதை உண்ணக் கொடுத்து, குடித்ததைக் குடிக்கக் கொடுத்து மரியாதை செய்திருக்க வேண்டும் என்பது என்லிலின் சொல். வீழ்ந்த மரங்களைப் பற்றி அங்கே பேச்சில்லை. மணவுறவு பேசி ஏமாற்றியதும் சரணடைந்தவனைக் கொன்றதுமே குற்றம். பிறகு என்லில் அந்தப் பேரச்சங்களை வயலுக்கும் ஆற்றுக்கும் சிங்கத்துக்கும் பிறவற்றுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. காட்டில் ஓரிடத்தில் குவிந்திருந்த அச்சம் உலகெங்கும் சிதறுகிறது. எனக்கு இந்தக் கதையில் மிக ஆழமாகப் படுவது இந்த முடிவுதான்.

பாபிலோனியக் காவியத்தின் ஐந்தாம் பலகை நெடுங்காலம் சிதைந்த நிலையிலேயே கிடைத்துவந்தது. ஈராக்கின் சுலைமானியா அருங்காட்சியகம் 2011இல் வாங்கிய ஒரு பலகையைப் படித்து ஃபாரூக் அல்-ராவியும் ஆண்ட்ரூ ஜார்ஜும் 2014இல் புதிய வரிகளை வெளியிட்டார்கள். அவற்றில் காடு உயிர்ப்போடு ஒலிக்கிறது. பறவைகள் மாறி மாறிக் கூவுகின்றன; சில்வண்டுகள் இரைகின்றன; குரங்குகள் கத்துகின்றன. இந்த முழக்கமெல்லாம் ஹும்பாபாவின் முன் நாள்தோறும் நடக்கும் இசைக் கச்சேரி. கொடிய அரக்கனாக அறியப்பட்டவன் இங்கே அவைப் பாணர்களின் இசையை அனுபவிக்கும் அயல்நாட்டு அரசனாகத் தோன்றுகிறான் என்று பதிப்பாசிரியர்கள் சுட்டினார்கள். கொலை முடிந்த பிறகு எங்கிடு, காட்டைப் பாழ்நிலமாக்கிவிட்டோமே, நிப்பூரில் என்லிலுக்கு என்ன பதில் சொல்வது என்று கலங்குகிறான்.

இந்த வரிகள் வெளிவந்ததும் உலகின் முதல் சூழலியல் குற்றவுணர்வு இது என்று பலர் கொண்டாடினார்கள். அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. நாலாயிரம் ஆண்டு மரபுகொண்ட ஒரு கதைக்குள் சில்வண்டின் இரைச்சலைக் கேட்பது சிறிய அனுபவமன்று. ஆனால் கதை அடுத்து எங்கே போகிறது? மிக உயர்ந்த கேதுருவைக் கொண்டு என்லிலின் கோயிலுக்குக் கதவு செய்யலாம் என்று அதே எங்கிடு தீர்மானிக்கிறான். கதவின் அளவும் சொல்லப்படுகிறது: உயரம் 72 முழம், அகலம் 24 முழம், கனம் ஒரு முழம். அதாவது உரிமையாளரிடம் கணக்குச் சொல்ல வேண்டிய அச்சம், வெட்டிய மரத்திலேயே சிறந்ததை அவருக்குக் காணிக்கையாக்குவதில் போய் முடிகிறது. பின்னர் தெய்வங்கள் எங்கிடுவுக்கு மரணம் விதிப்பதற்கும் விண்ணுலகக் காளையையும் ஹும்பாபாவையும் கொன்ற இரு குற்றங்களே அடிப்படை. எங்கிடுவின் கலக்கத்தைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். காட்டில் பிறந்து விலங்குகளோடு வளர்ந்து ஹும்பாபாவையும் முன்பே அறிந்திருந்தவன் அவன். தான் வளர்ந்த இடத்தை அழித்தவனின் கலக்கம் அது. அதைப் பொதுநெறியாகக் கதை உயர்த்தவில்லை என்பதே என் வாதம்.

கடலடியில் கலைந்த கூந்தல்

வட அமெரிக்க ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்களிடம் கடல் விலங்குகளுக்கு ஒரு தலைவி உண்டு. 1883–84இல் பாஃபின் தீவில் தங்கிய ஃபிரான்ஸ் போவாஸ் 1888இல் வெளியிட்ட நூல் வழியாக ‘செட்னா’ என்ற பெயர் உலகுக்குத் தெரியவந்தது. படகிலிருந்து தந்தையால் கடலில் தள்ளப்பட்டவள். படகின் விளிம்பைப் பற்றிய அவள் விரல்களைத் தந்தை கணுக்கணுவாக வெட்ட, வெட்டுண்ட துண்டுகள் திமிங்கிலங்களாகவும் சீல்களாகவும் மாறின. வேட்டையாடி உண்ணும் ஒவ்வோர் உயிரும் ஒரு பெண்ணின் உடலிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது என்ற எண்ணத்தின்மேல் ஒரு சமூகம் தன் உணவை வைத்திருக்கிறது.

1921 முதல் 1924 வரை நடந்த ஐந்தாம் தூலே பயணத்தில் க்னுத் ராஸ்முசென் இக்லூலிக் பகுதியில் திரட்டிய விவரங்கள் இதைவிடச் செறிவானவை. அங்குள்ள மக்கள் அவளை வேறு பெயரில் அழைத்தார்கள். வேட்டை பொய்த்துப் பசி வந்தால் ஷாமன் எனப்படும் ஆவியாடி கடலடிக்கு இறங்குவார். உருளும் பாறைகளையும் வாயிலில் படுத்திருக்கும் நாயையும் கடந்து உள்ளே போனால், அவள் விளக்குக்கும் விலங்குகளுக்கும் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். கூந்தல் முகத்தில் விழுந்து, அழுக்கேறிச் சிக்குண்டு கிடக்கும். அவளை விளக்கின் பக்கம் திருப்பி, கூந்தலை நீவிவிட்டு, மேலே உள்ளவர்களால் சீல்களைப் பிடிக்க முடியவில்லை என்று அவர் முறையிடுவார். அப்போது அவள் காரணம் சொல்வாள்: பெண்கள் மறைத்த கருச்சிதைவுகளும், சமைத்த இறைச்சியை உண்பதில் மீறப்பட்ட விலக்குகளும் வழியை அடைத்து நிற்கின்றன. அவர் திரும்பி வந்ததும் கூடியிருப்போர் ஒவ்வொருவராகத் தங்கள் மீறல்களை ஒப்புக்கொள்வார்கள். அதன்பின் விலங்குகள் விடுவிக்கப்படும்.

கொன்ற விலங்குகளின் எண்ணிக்கை இந்த முறையீட்டில் எங்குமே வரவில்லை. அளவு மீறிக் கொன்றீர்கள் என்று அவள் சொல்வதில்லை. மனிதர்களின் தூய்மைக்கேடே அவள் தலையில் அழுக்காகச் சேர்கிறது. கொன்ற சீலின் வாயில் நன்னீர் ஊற்றுவது, நிலத்துக்குரிய காரிபூ மான் தோலைத் தைக்கும் வேலையைக் கடல் வேட்டைக் காலத்தோடு கலக்காமலிருப்பது போன்ற விலக்குகள் பல அங்கே இருந்தன. 1900களின் தொடக்கத்தில் மார்செல் மோஸ் இந்த நிலம்–கடல் பிரிவினையைச் சமூக வாழ்வின் பருவகால ஒழுங்காக விளக்கினார். இவ்விலக்குகளால் வேட்டை மறைமுகமாகக் குறைந்திருக்கலாம் என்று வாதிடலாம். ஆனால் ஒரு வழக்கத்தின் மறைமுக விளைவை அந்த வழக்கத்தின் நோக்கமாக எழுதிவிடுவது ஆய்வில் அடிக்கடி நேரும் சறுக்கல்.

இங்கே மனத்தை உறுத்தும் வேறொன்றும் உண்டு. பசிக்கான பழி பெரும்பாலும் யார்மேல் விழுகிறது? குழந்தையை இழந்து அதை மறைத்த பெண்மேல். கருச்சிதைவை வெளியே சொன்னால் நீண்ட விலக்குகளுக்கு அவள் உட்பட வேண்டும்; சொல்லாவிட்டால் ஊரின் பசிக்குப் பொறுப்பாவாள். தந்தையின் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணின் பெயரால் உயிரோடிருக்கும் பெண்களின் உடல் கண்காணிக்கப்படுகிறது. செட்னாவை இயற்கையன்னையாகப் போற்றி எழுதும் இன்றைய நூல்கள் பலவற்றில் இந்தப் பகுதி காணாமல் போய்விடுகிறது. மரபை மதிப்பதென்றால் அதன் முழு உருவையும் பார்ப்பதுதான். அழகான பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது மதிப்பாகாது.

மேய்ப்பனின் உடன்படிக்கை

ரஷ்ய உழவர்களின் லேஷி இன்னொரு வகை. காட்டுக்குள் மரத்தளவு உயர்வான். புல்வெளியில் புல்லளவு குறுகுவான். வழி தவறியவர்கள் ஆடையை உட்புறம் வெளியாகத் திருப்பி, காலணியை இடவலம் மாற்றிப் போட்டுக்கொண்டால் அவன் மயக்கிலிருந்து மீளலாம். காட்டு விலங்குகள் அவனுடைய மந்தை. அணில்களும் முயல்களும் திரளாக ஒரு காட்டைவிட்டு மற்றொன்றுக்குப் போனால், இங்குள்ள லேஷி சீட்டாட்டத்தில் அவற்றை அயல்காட்டு லேஷியிடம் தோற்றுவிட்டான் என்பார்கள். தன் உயிர்களைச் சூதில் வைத்து இழப்பவனை இயற்கைக் காவலன் என்று அழைப்பது பொருந்துமா?

வடரஷ்ய மேய்ப்பர்கள் கோடைத் தொடக்கத்தில் லேஷியோடு உடன்படிக்கை செய்துகொள்வார்கள். மந்தையை ஓநாயும் கரடியும் தொடாமல் அவன் பார்த்துக்கொள்ள வேண்டும். பதிலுக்கு மாடோ பாலோ அவனுக்குப் பங்காகும். பழம் பறிப்பது, காளான் எடுப்பது போன்ற செயல்களை மேய்ப்பன் அந்தப் பருவம் முழுதும் தவிர்க்க வேண்டும். விலக்கு ஒரு மேய்ப்பனுக்கு மட்டுமே. ஊரார் எல்லோரும் பழம் பறிக்கலாம். இரு தரப்புக்கு இடையிலான பேரம் இது. ஒப்பந்தத்தை மீறினால் சினம், காத்தால் துணை.

பீவரின் எலும்பும் காரிபூவின் வருகையும்

இந்த விவாதம் மிகக் கடுமையாக நடந்த களம் கனடா. அங்கே கம்பளித்தோல் வணிகத்தால் பீவர்கள் பல பகுதிகளில் அருகிப்போயின. விலங்குகளைப் போற்றிய மக்களே எப்படி அவற்றை இவ்வளவு கொன்றார்கள்? 1978இல் கால்வின் மார்ட்டின் ஒரு விளக்கம் தந்தார். ஐரோப்பியர் கொண்டுவந்த தொற்றுநோய்களுக்கு விலங்குகளே காரணம் என்று பழங்குடியினர் கருதி, பழைய உடன்பாட்டை முறித்து அவற்றின்மேல் போர் தொடுத்தார்கள் என்பது அது. ஷெப்பர்ட் க்ரெச் 1981இல் தொகுத்த நூலில் ஆய்வாளர் பலர் இதற்குச் சான்று போதாது என்று காட்டினார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருப்பதாக நினைக்கிறேன். 1821இல் ஒன்றாக இணையும்வரை ஹட்சன் விரிகுடா நிறுவனமும் வடமேற்கு நிறுவனமும் ஒன்றையொன்று முந்தப் போட்டியிட்டுத் தோல் வாங்கின. அந்த வணிக வெறியை விட்டுவிட்டு ஆவிகளின்மேல் காரணத்தைப் போடத் தேவையில்லை.

ராபர்ட் பிரைட்மன் 1993இல் வெளியிட்ட ஆய்வு கேள்வியை வேறு பக்கம் திருப்பியது. மனிட்டோபாவின் வடபகுதியில் வாழும் ராக் கிரீ மக்களிடம், விலங்கு தன்னைத் தானே வேடனுக்குக் கொடுக்கிறது என்ற எண்ணம் இருந்தது. பீவரின் எலும்புகளை நாய் கடிக்காமல் காத்து நீரிலேயே சேர்த்துவிட்டால், கரடியின் மண்டையோட்டை மரத்தில் முறையாகத் தொங்கவிட்டால், அந்த உயிர் மறுபடி உடல் கொண்டு வரும். இந்த உலகில் எண்ணிக்கை மனிதன் கையில் இல்லை. கொல்வதால் விலங்கு குறைவதில்லை. அவமதித்தால்தான் வராமல் போகிறது. வந்து நிற்கும் விலங்கை வேண்டாமென்று விடுவதே அவமதிப்பாகவும் கருதப்படலாம். ஆகவே பக்தியும் அளவற்ற வேட்டையும் ஒன்றுக்கொன்று முரணில்லாமல் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பது பிரைட்மனின் முடிவு. அவர் கையாண்ட பழைய ஆவணங்களில் பல வணிகர்களின் நாட்குறிப்புகள். பழியைப் பழங்குடியினர்மேல் போடும் ஆசை அவர்களுக்கு இருந்திருக்கும். அந்தச் சந்தேகத்தைக் கழித்துப் பார்த்தாலும், மறுபிறப்பு நம்பிக்கை எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கவில்லை என்ற அடிப்படை வாதம் நிற்கிறது.

இத்துடன் விட்டுவிட்டால் நியாயமாகாது. ஃபிக்ரெத் பெர்க்கெஸ் 1999இல் எழுதிய நூலில், கியூபெக்கில் ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் உள்ள சிசாசிபி ஊர் கிரீ மக்களிடம் கேட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. 1910களில் தொடர்துப்பாக்கி கைக்கு வந்த புதிதில், ஆற்றைக் கடந்த காரிபூக் கூட்டத்தை வேடர்கள் தேவைக்கு மேல் சுட்டுக் குவித்தார்கள். உடல்கள் வீணாகி ஆற்றில் மிதந்தன. அதன்பின் காரிபூ வரவில்லை. இரண்டு தலைமுறைக்கு மேல் வரவில்லை. என்றாவது திரும்பும் என்று முதியவர்கள் சொல்லிவந்தார்கள். 1980களில் திரும்பியது. அப்போது இளைஞர்கள் மறுபடி கண்மூடித்தனமாகச் சுட்டார்கள். ஊர் கூடியது, முதியவர்கள் எழுந்து பழைய கதையைச் சொன்னார்கள். அடுத்த பருவத்தில் வேட்டை ஒழுங்காக, வீணாக்காமல் நடந்தது.

அதே கிரீ உலகம். விலங்கு தன்னைக் கொடுக்கிறது, அவமதித்தால் வராது என்ற அதே நம்பிக்கை. ஆனால் இங்கே ‘அவமதிப்பு’ என்ற குற்றத்துக்குள் வீணாக்குதலும் மிகைக்கொலையும் நுழைந்து உட்கார்ந்துவிட்டன. பட்டினியும் இழப்பும் அவற்றை உள்ளே கொண்டுவந்தன. என் முடிவு இந்த இரண்டு சான்றுகளுக்கும் நடுவே அமைகிறது. விலங்குத் தலைவன் பற்றிய நம்பிக்கை முன்கூட்டியே எழுதப்பட்ட பாதுகாப்புச் சட்டமன்று. அது மனிதருக்கும் மனிதரல்லாதாருக்கும் இடையிலான உறவின் வடிவம். எது மரியாதை, எது அவமதிப்பு என்பதை ஒவ்வொரு சமூகமும் தன் அனுபவத்திலிருந்து அந்த வடிவத்துக்குள் நிரப்புகிறது. சிசாசிபி மக்களுக்கு அதை நிரப்ப ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதி பிடித்தது. சொல்ல முதியவர்களும் கேட்க ஒரு கூட்டமும் இருந்ததால்தான் அது பலித்தது.

தேசானா: அளவைப் பற்றிப் பேசும் தலைவன்

அளவு மீறலையே நேரடியாகக் குற்றமாகச் சொல்லும் சான்று ஒன்றும் உண்டு. கொலம்பியாவின் வாவ்பெஸ் பகுதியில் வாழும் தேசானா மக்களின் வேட்டைத் தலைவன் வாய்-மாசே பாறைக் குன்றுகளுக்குள் வாழ்கிறான். மூக்குப்பொடி தரும் மயக்கத்தில் ஆவியாடி அவனிடம் போய், இத்தனை விலங்குகளை விடு என்று பேரம் பேசுகிறார். விலையாக இறந்த மனிதரின் உயிர்கள் அவன் களஞ்சியத்துக்குப் போக வேண்டும். மிகை வேட்டை நோயாகத் திரும்பி வருகிறது. உலகில் சுழலும் உயிராற்றல் ஒரு வரம்புக்குட்பட்டது, எடுத்தால் திருப்பித் தர வேண்டும் என்ற இந்தக் கணக்கை ஹெரார்தோ ரைசெல்-டோல்மட்டோஃப் 1968இல் ஸ்பானிய மொழியிலும் 1971இல் ஆங்கிலத்திலும் வெளியிட்ட நூலில் விரித்தார். 1976இல் வெளிவந்த தம் உரையில் இதை ஒரு சூழலியல் கோட்பாடாகவே முன்வைத்தார்.

வாசிக்கும்போது மனம் ஈடுபட்டுப்போகும் எழுத்து அது. ஆனாலும் இரண்டு தயக்கங்கள் உண்டு. நூலின் பெரும்பகுதி அந்தோனியோ குஸ்மான் என்ற கல்வி பெற்ற தேசானா ஒருவரோடு தலைநகர் போகோட்டாவில் நடந்த உரையாடல்களால் ஆனது. ஆற்றங்கரை ஊர்களில் நாள்தோறும் நடந்த வேட்டையை அளந்து எழுதியதன்று. அடுத்து, ராய் ராப்பபோர்ட் போன்ற மானிடவியலாளர்கள் சடங்கைச் சூழல் சமநிலைக் கருவியாக விளக்கிவந்த காலத்தின் மொழி அதில் அழுத்தமாகப் படிந்திருக்கிறது. தேசானாவின் சிந்தனையும் அக்கால மானிடவியலின் சிந்தனையும் எங்கே பிரிகின்றன என்று பிரித்தெடுப்பது எளிதன்று. இருந்தும் இந்தச் சான்றைத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. வரம்பு என்ற எண்ணம் காட்டு மக்களுக்கு வெளியிலிருந்துதான் வந்தது என்று சொல்பவர்களுக்கு இதுவே வலுவான தடை.

கோயில்காடுகள்

இந்த விவாதம் தமிழகத்துக்கும் வந்திருக்கிறது. மாதவ் காட்கிலும் வி. டி. வர்த்தக்கும் 1970களின் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் தெய்வக்காடுகளைப் பற்றி எழுதியதிலிருந்து, இக்காடுகள் முன்னோர் வகுத்த பாதுகாப்பிடங்கள் என்ற பார்வை வேரூன்றியது. 2013இல் எலிசா கென்ட் தமிழகக் கோயில்காடுகளைப் பற்றி வெளியிட்ட நூல் அந்தப் பார்வையைக் கவனமாக மறுபரிசீலனை செய்கிறது. கிளை ஒடித்தவனுக்குத் தீங்கு வருவது மரத்துக்காக அன்று; அது ஐயனாரின் சொத்து, அவர் குதிரையேறி உலவும் இடம் என்பதற்காக. சாமி காரியத்துக்கு அதே விறகு உதவும் இடங்களும் உண்டு. இது ஹும்பாபா கதையில் கண்ட கணக்கிலிருந்து வெகுதூரத்தில் இல்லை: உரிமையாளர் யார் என்பதே அங்கும் முதல் கேள்வியாக இருந்தது.

காட்டின் எல்லை சுருங்கியும் சாமியின் அச்சம் குறையாமலிருக்கும் ஊர்கள் இருக்கின்றன. கோயிலைப் பெரிதாக எழுப்புவதற்காகவே மரங்களை வீழ்த்திய இடங்களும் இருக்கின்றன. ஐயனார் தமக்குக் கட்டடம் எழுவதைக் கண்டு சினந்ததாகக் கதை பிறப்பதில்லை. தெய்வத்தின் உரிமையை மட்டும் நம்பிக் காட்டை விட்டுவைப்பதில் உள்ள ஆபத்து இதுதான்.

நம் பல்கலைக்கழக நாட்டார் வழக்காற்றியல் துறைகளில் கோயில்காட்டுக் கதைகள் ஏராளமாகத் திரட்டப்பட்டுள்ளன. கண் போனது, மாடு செத்தது, வம்சம் அற்றது என்று தண்டனை எப்போதும் விரிவாகப் பதிவாகிறது. குற்றமோ ‘மரத்தை வெட்டினான்’ என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. வெட்டியவர் எந்தச் சாதி, எந்தக் கரை. பச்சை மரமா பட்ட மரமா. விற்கவா, வீட்டுக்கா, கோயிலுக்கா. அதே காலத்தில் வெட்டியும் தண்டனை பெறாதவர் யார். சாமியின் சினத்தை முதலில் சொன்னது பூசாரியா, சாமியாடியா, பகைவீட்டுக்காரரா. எதைச் செய்தபின் அது தணிந்ததாக ஊர் ஏற்றுக்கொண்டது என்பனவற்றையெல்லாம் கேட்டு எழுதியிருந்தால், இக்கட்டுரை அயல்நாட்டுச் சான்றுகளை வைத்துக் கேட்ட கேள்விக்குத் தமிழ் நிலத்திலிருந்தே விடை தேட முடிந்திருக்கும். கதை சொல்லும் பெரியவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள்.